உன் இடத்தில் நான் போட்ட தீனி

மகனே,

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. இவ்விடத்தில் எல்லோரும் என்று சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்கும் சுகமில்லை. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

உன் கடிதமும் சாக்கு மூட்டையும் ஒரே வண்டியில் வந்தன. உப்பு வண்டிக்காரன் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க மவனுக்குக் கல்யாணமாமே, எப்பம் பொறப்படுதீய?" என்று கேட்டான். நான் கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. "நாளைக்கே பொறப்பட்டாலும் பொறப்படுவேன் வே" என்று பெருமையடித்துக்கொண்டேன். அவன் போன பிறகு படித்தேன். ஆவணியில் முகூர்த்தம். பெண், நீ வேலை பார்க்கும் அரிசி மண்டிக்காரருடைய மகள். அதற்குக் கீழே, தங்களுக்கு வயதாகிவிட்டது, பிரயாணம் ஒத்துக்கொள்ளாது, சிரமப்பட்டு வர வேண்டாம், வேண்டியதெல்லாம் அனுப்பியிருக்கிறேன் என்று நான்கு வரிகள். ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு பகல் வண்டிப் பயணம். போன மாதம் நான் திருச்செந்தூருக்கு நடந்தே போய்வந்தது அந்த வண்டிக்காரன் வாயால் உனக்குத் தெரிந்திருக்கும். நானும் மரியாதையாகப் பொய் சொல்லிப் பிழைத்தவன்தான், அதனால் மரியாதையான பொய்யைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது.

வருவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், கல்யாணம் என்றால் தகப்பன் ஏதாவது கொடுக்க வேண்டும். வேட்டியும் துண்டும் உன்னிடம் என்னைவிட அதிகமாக இருக்கும். உனக்குத் தெரியாத ஒரு விஷயம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பத்து வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைத் தருகிறேன். மணையில் உட்கார்ந்து நீ தாலியைக் கையில் எடுக்கும்போது அது உன் தொண்டையில் குறுக்கே நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெற்ற பிள்ளை மேல் இப்படி ஒரு ஆசையா என்று கேட்பாய். வர வேண்டாம் என்று எழுதினாயே, அதற்கு இது பதில்.

என் பெருமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோடையில் ஆறு மெலிந்து, மணல் வெளுத்து, வளைவுகளில் இருக்கும் ஆழமான கசங்களில் மட்டும் ஆளுயரத் தண்ணீர் மெல்ல ஓடும்போது, வடகரையாரும் தென்கரையாரும் தூண்டில் பந்தயத்துக்கு உட்காருவோம். சூரியன் கிளம்பும்போது கொட்டுச் சத்தம் கேட்டால் தூண்டில் போடலாம், உச்சிக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிடித்ததை நிறுத்துப் பார்த்து யாருடையது அதிகமோ அவன் ஜெயித்தவன். மீனை இழுக்கத் தண்ணீரில் தீனி போடலாம், ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு கை அளவுதான், அதையும் கொட்டுச் சத்தத்துக்குப் பிறகுதான் போட வேண்டும். நான் பதினோரு வருஷம் தொடர்ந்து ஜெயித்தேன். மீனே என் பேச்சைக் கேட்கும் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அதை மறுக்கவில்லை. உண்மையில் நான் செக்கு ஆட்டுகிறவன். மற்றவர்கள் தவிட்டையும் பழஞ்சோற்றையும் பிசைந்து போட்டுக்கொண்டிருந்தபோது என் வீட்டில் எள்ளுப் பிண்ணாக்கு குவிந்து கிடந்தது. எள்ளின் எண்ணெய் வாசனை தண்ணீரில் இறங்கினால் கால் மைல் தூரத்துக் கெண்டையும் மூக்கைத் திருப்பும். என் திறமை அவ்வளவுதான்.

அந்தப் பிண்ணாக்கையும் நான் இடிக்கவில்லை. உன் அம்மா இடித்தாள். வெந்தயத்தைக் கருகாமல் வறுத்து, பழைய கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, பிண்ணாக்கோடு சேர்த்து உரலில் இடித்து, கைச்சூட்டிலேயே உருண்டை பிடிப்பாள். தண்ணீரில் விழுந்தவுடன் கரைந்துவிடாமலும், கல்லாகக் கிடக்காமலும், அடியில் போய்ப் பைய உதிரும். எவ்வளவு வெந்தயம், எவ்வளவு கருப்பட்டி என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஒரு தடவை கேட்டேன். "கை சொல்லும்" என்றாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட, இது என் பெண்டாட்டி செய்த பக்குவம் என்று நான் ஆற்றங்கரையில் யாரிடமும் சொன்னதில்லை.

சுதேசிக் கப்பலைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த கோடை அது. உனக்குப் பதினாறு வயது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பையெல்லாம் முடித்துவிட்டாய். உன் வாத்தியார், பாளையங்கோட்டையில் உனக்கு இடம் பேசி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நாலு தடவை வீட்டுக்கு வந்தார். நாலு தடவையும் அவரைச் செக்கடியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன். படித்தவன் என் செக்கைச் சுற்றி வருவானா? நீ போய்விட்டால் மாட்டின் பின்னால் யார் நடப்பது? இதை வாத்தியாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் உனக்குப் புத்தி போதாது என்று சொன்னேன். நீ அங்கன எள் புடைத்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

நீ வாயைத் திறந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து, படித்துறையில். அந்த வருஷப் பந்தயத்தைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன். பத்துப் பேராவது இருப்பார்கள். நீ வேட்டியைப் பிழிந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்:

"எப்பா, நீங்க மீன் பிடிக்கல. மீனுக்கு விருந்து வைக்கீய. விருந்துக்கு வந்ததுல நாலைத் தூக்கிக்கிடுதீய."

"நீ என்னல பிடிச்சுக் கிழிச்ச?"

"எனக்கு ஒரு புழு போதும். அதை எப்படிக் காட்டணும்னு தெரிஞ்சா தீனியே வேண்டாம். தீனி போடுதது மாட்டுக்காரன் வேலைலா."

பத்துப் பேரும் சிரித்தார்கள். பதினோரு வருஷம் என் தலைக்குத் துண்டு கட்டி ஊர்வலம் விட்ட அதே ஆட்கள். நீ சொன்னது சரி என்பதால்தான் அவர்கள் சிரித்தார்கள், சரி என்பதால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏலே, இந்த வருசம் நீயும் உக்காரு. என்னைவிட ஒரு பலம் எடை கூட நிறுத்திட்டன்னா நானே வண்டி கட்டிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் விடுதேன். தோத்தியோ, செக்குதான். பள்ளிக்கூடம்ங்கிற பேச்சே வாயில வரப்பிடாது" என்றேன். "சரிப்பா" என்றாய். அம்மா மேல் சத்தியம் பண்ணு என்று கேட்டேன். "சரின்னு சொல்லிட்டேம்லா, பெறவு சத்தியம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போனாய்.

அன்று நான் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஒரு பயல், ஒரு புழு, என்ன செய்துவிட முடியும்? பிறகு நீ பழகுவதைப் பார்த்தேன். ஆமாம், தாழம்புதருக்குப் பின்னால் மறைந்து நின்று, எட்டு நாள் பார்த்தேன். பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உறுதியாக்கிய நூலை நீ மயிரளவுக்கு மெல்லியதாகத் திரித்திருந்தாய். நூல் தண்ணீரில் கிடப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. உன் நிழல் தண்ணீரில் விழாமல் முட்டி போட்டு உட்கார்ந்தாய். புழுவை முள்ளில் குத்தாமல், முள்ளுக்கு உறை மாட்டுவதுபோல நுனி வரை ஏற்றி, வாலை மட்டும் தொங்கவிட்டாய். நீரோட்டத்தின் மேற்பக்கம் போட்டு, ஆறு எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் போகவிட்டாய், இழுக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை. தரைக்கு ஒரு விரற்கடை மேலே அது தானாக மிதந்து வருகிற சாதாரணப் புழுவாகப் போனது. சேல்கெண்டை யோசிக்காமல் வாயைத் திறந்தது. மீனுக்குப் பசி இருக்கிறதா இல்லையா என்று நான் கவலைப்பட்டிருக்கிறேனே தவிர, இரை அதன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நீ அதை நினைத்திருந்தாய். நான் தோற்றுப்போவேன் என்பது எட்டாம் நாள் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. வேறு தகப்பனாக இருந்தால் மார் விம்மியிருப்பான். நான் உன்னைத் தோற்கடிக்க வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

இப்போது பரிசைப் பிரிக்கிறேன், கவனமாகப் படி.

பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் படித்துறை மண்டபத்தில் ஓலை நறுக்கில் சீட்டு எடுத்து இடம் பிரித்தோம். உனக்கு மருதமரத்து வளைவு விழுந்தது. அந்தக் கரையில் அதைவிட நல்ல கசம் கிடையாது. எனக்கு மணல்திட்டுப் பக்கம், முழங்கால் தண்ணீர். உன் அதிர்ஷ்டத்தைப் பார்த்து வடகரையார் உன் முதுகில் தட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவை ஒரு ஓலைக் கடகம் நிறைய இடிக்கச் சொன்னேன். "ரெண்டு கைதான போடணும், ஒரு கடகம் எதுக்கு?" என்றாள். "இடின்னா இடி" என்றேன். இடித்தாள். அதில் நான் காய்ந்த தவிட்டை அள்ளிப் போட்டு நானே பிசைந்தேன். காய்ந்த தவிடு வயிற்றுக்குள் போய்த்தான் ஊதும். சாயங்காலம் செக்கு மாட்டைக் குளிப்பாட்டுகிற சாக்கில் ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கடகத்தின் மேல் வைக்கோல் மூடியிருந்தது. மருதமரத்து வளைவில், நாளைக்கு உன் புழு மிதந்து வரப் போகிற அதே தடத்தில், அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு கை தீனி போட்டால் மீன் கூடும், ஒன்றோடொன்று முண்டியடித்து எதைக் கண்டாலும் வாயில் போடும். ஒரு கடகம் போட்டால் தின்று தின்று, தரையோடு தரையாகக் கிடந்து, மறுநாள் முழுக்க எதையும் ஏறிட்டுப் பார்க்காது. பதினோரு வருஷத் தீனிக்காரனுக்கு இது தெரியாதா? கடைசி உருண்டை இறங்கும்போது தண்ணீர் உலை கொதிப்பதுபோலப் பொங்கிக்கொண்டிருந்தது. மாடு என்னைப் பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் நீ உட்கார்ந்திருந்த அழகை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு பிழை கிடையாது. புழு வந்தது, போனது. தெளிந்த தண்ணீரில் கெண்டைகள் கீழே வரிசையாகப் படுத்திருந்தது மருதமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பயல்களுக்குத் தெரிந்தது. "மீன் நிக்கி, மீன் நிக்கி, வாயைத் தொறக்க மாட்டேங்கு" என்று கத்தினார்கள். நீ ஆழத்தை மாற்றினாய். முள்ளை மாற்றினாய். புழுவை விட்டுவிட்டு ஒற்றைச் சோற்றுப் பருக்கையைக் கோத்துப் பார்த்தாய். வெயில் ஏற ஏற உன் காது மடல் சிவந்தது. தப்பு உன் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாய், அது மணல்திட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு சேல்கெண்டை, தின்றது போதாத ஏதோ ஒரு பேராசைக்காரக் கழுதை, உன் முள்ளில் மாட்டியது. நான் மணல்திட்டில் ஏழு சில்லறைக் கெண்டைகளைப் பொறுக்கியிருந்தேன். நிறுத்துப் பார்த்தது என் எண்ணெய்க் கடைத் தராசில்தான். தராசில் நான் எதுவும் செய்யவில்லை, செய்ய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

எல்லோர் முன்னாலும், "என்னல, புழு போதும்னியே, புழு என்ன சொல்லுது?" என்று கேட்டேன். நீ தூண்டில் கம்பை முட்டியில் வைத்து ஒடிக்கவில்லை, அழவில்லை. "சரிப்பா" என்றாய். மறுநாள் விடிந்ததும் மாட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டாய். வாத்தியார் வந்தபோது நீயே அவரிடம், தோத்துட்டேன் சார் என்று சொல்லி அனுப்பினாய். அந்த முதல் நாள் காலையிலேயே, மாட்டுக்குப் பிண்ணாக்கு வைக்கும்போது நான் இன்னொரு கை அள்ளினேன். நீ என் கையைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பப் போடாதீய. வயிறு நெறஞ்சா வேலைக்கு ஆகாதுலா" என்றாய். பயல் தொழில் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்துச் சிரித்தேன். ஏழு வருஷம் அந்தச் செக்கைச் சுற்றி வந்தாய்.

பரிசின் இன்னொரு பாதியையும் தந்துவிடுகிறேன். பந்தயத்தன்று நீ பிடித்த அந்த ஒற்றைச் சேல்கெண்டையை உன் அம்மா கழுவப் போனாள். நீ குளிக்கப் போயிருந்தாய். வயிற்றை அரிவாள்மணையில் கீறியதும் உள்ளேயிருந்து பிண்ணாக்கு பிதுங்கியது. பாதி செரித்தது, பாதி அப்படியே. வெந்தயம் பழுப்புப் புள்ளியாகத் தெரிந்திருக்கும். தன் கைப் பக்குவம் அவளுக்குத் தெரியாமல் போகுமா? நான் சாப்பிட உட்கார்ந்தேன். இலையைப் போட்டாள். சோறு வைக்க வேண்டிய இடத்தில் அந்த மீன் வயிற்றிலிருந்து எடுத்ததை, கழுவாமல், ஒரு உருண்டையாகப் பிடித்து வைத்தாள்.

"என்னட்டீ இது?"

"நீங்க போட்டதுதான். சாப்பிடுங்க."

"திமிரா?"

"எம் பிள்ளை வாழ்க்கையில போட்டீயள்லா, அதுல ஒரு வாய் நீங்களும் தின்னு பாருங்க."

இலையோடு சுருட்டி முற்றத்தில் எறிந்தேன். அவளை அறைந்தேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ ஈரத் துண்டோடு உள்ளே வந்தபோது அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவள் உரலில் ஒரு நாளும் பிண்ணாக்கு இடிக்கவில்லை. நானும் பந்தயத்தில் உட்காரவில்லை, ஊரில் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டேன். ஏழு வருஷம் அவள் என்னோடு பேசியதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான். "சோறு ஆயிட்டு", "மழை வருது", "எண்ணெய் கேட்டு ஆள் வந்திருக்கு." உன்னிடம் சொல்லிவிடுவாளோ என்று ஏழு வருஷமும் பயந்தேன். சொல்லவில்லை. காய்ச்சலில் விழுந்து, வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நீ தூத்துக்குடிக்கு வண்டியேறிவிட்டாய். நான் செக்கை விற்றேன்.

ஆக, நீ தோற்கவில்லை. உன் கையில் பிழை இல்லை. நீ பாளையங்கோட்டைக்குப் போயிருக்க வேண்டியவன், உன்னை நான் மாட்டுக்குப் பின்னால் நடக்கவிட்டேன். இதுதான் பரிசு. இப்போது நீ ஆத்திரப்படுவாய், இத்தனை வருஷமாக மாதம் தவறாமல் அரிசியும் கருப்பட்டியும் அனுப்பிய கையைக் கடித்துக்கொள்வாய். நல்லது. வர வேண்டாம் என்று மரியாதையாக எழுதிய பிள்ளையைவிட, நேரில் வந்து சட்டையைப் பிடிக்கிற பிள்ளை மேல்.

புது மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்கக் கூடாதாம். சொல்கிறேன். பெண்டாட்டிக்கு எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிடாதே. கேட்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறவரைதான் அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கொஞ்சம் பசியோடு வைத்திரு, உன் கைக்கு வருவார்கள். நான் இப்படித்தான் குடும்பம் நடத்தினேன். அது எங்கே கொண்டுவந்து விட்டது என்று நீ கேட்கலாம், ஆனால் முறை தப்பில்லை, நான் செய்த விதம்தான் தப்பு. இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். வாய் கசக்கிறது. உன் மூட்டையைப் பிரித்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இது மறுநாள் காலை. நேற்று மேற்கொண்டு எழுத முடியவில்லை.

மூட்டையில் அரிசி இருந்தது. கருப்பட்டி இருந்தது. காய்ச்சல் மருந்து, கருவாடு, இரண்டு வேட்டி. அடியில் ஒரு ஓலைக் கொட்டான். பலகாரம் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். ஒரு உருண்டை. எள்ளுப் பிண்ணாக்கு. கருகாமல் வறுத்த வெந்தயம், பழைய கருப்பட்டி. முகர்ந்து பார்க்கவே தேவைப்படவில்லை. கொட்டானைத் திறந்தவுடன் அவள் உரலடியில் நிற்பதுபோல வாசனை வந்தது.

அவள் உனக்குச் சொல்லியிருக்கிறாள். பக்குவத்தையும் சொல்லியிருக்கிறாள். எப்போது என்று நேற்றுச் சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசிக் காய்ச்சலில் நீதான் பக்கத்தில் இருந்தாய், அப்போதாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு மாட்டுக்குப் பிண்ணாக்கு வைத்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது. ரொம்பப் போடாதீய, வயிறு நெறஞ்சா வேலைக்கு ஆகாதுலா. நீ மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, என் கையைப் பார்த்துச் சொன்னாய். பந்தயம் முடிந்த மறுநாளே உனக்குத் தெரிந்திருக்கிறது. முற்றத்தில் கிடந்த இலையை நீதான் எடுத்துப் போட்டாயோ என்னவோ. தெரிந்தும் கயிற்றைப் பிடித்தாய். தெரிந்தும் வாத்தியாரிடம் தோற்றுவிட்டேன் என்று சொன்னாய். படித்துறையில் நாலு பேரைக் கூட்டி அந்த மீன் வயிற்றைக் காட்டியிருந்தால் நான் அன்றைக்கே ஊரை விட்டு ஓடியிருப்பேன். ஏனப்பா சொல்லவில்லை? சரி என்று சொன்ன வார்த்தைக்காகவா? இடித்துக் கொடுத்த பாவம் அம்மாவின் மேலும் விழும் என்றா? இல்லை, ஏழு வருஷம் என் கண் முன்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நான் உன்னைப் பார்க்க வேண்டும் என்றா? நான் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றும் பார்த்தேன். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. உன்னைக் குத்துவதற்காக எழுதியது அத்தனையும் உனக்குப் பழைய கதை என்பதை நீயும் படித்துச் சிரித்துக்கொள்.

மூன்று வருஷமாக மாதம் தவறாமல் மூட்டை வருகிறது. ஜெர்மன்காரனோடு சண்டை வந்து எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு என்று ஊரே அழுதபோதும் என் வீட்டில் அரிசி குறையவில்லை. எனக்கு இருமல் வந்தால் கேட்பதற்கு முன்னால் மருந்து வரும். மழைக்காலத்துக்கு முன்னால் கம்பளி வரும். கூரை ஒழுகியதும் நான் எழுதவில்லை, ஆனால் ஓலை வேய ஆள் வந்துவிட்டான். என் பிள்ளை தங்கம் என்று ஏரல் சந்தையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மகனே, எனக்கு இது வேண்டும், அது வேண்டும், ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று உனக்கு எழுத ஒரு சாக்கு வேண்டுமே, அந்தச் சாக்கு மூன்று வருஷத்தில் ஒரு நாளும் எனக்குக் கிடைக்கவில்லை. நீ கிடைக்கவிடவில்லை. கரைக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் என்னை ஆழத்திலேயே படுக்கப் போட்டிருக்கிறாய். நான் உனக்குப் போட்டது ஒரு கடகம். நீ எனக்குப் போட்டது முப்பத்தாறு மூட்டை.

நேற்று எழுதிய புத்தியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வரப் போகிறவளிடம் கணக்குப் பார்க்காதே. அவள் கைப் பக்குவத்தை நாலு பேர் நடுவில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டு. உன் பிள்ளை உன்னைவிட நன்றாக எதையாவது செய்தால் தாழம்புதருக்குப் பின்னால் நிற்காதே, பக்கத்தில் போய் உட்கார். எனக்கு இவ்வளவுதான் தெரியும், அதுவும் நேற்றுத்தான் தெரிந்தது.

உருண்டையைக் கையில் எடுத்தேன். பிறகு விரலால் பிட்டுப் பார்த்தேன். உள்ளே ஏதாவது வைத்திருப்பாய் என்று நினைத்தேன். ஒரு துண்டுக் கடுதாசி. ஒரு வரி. திட்டியாவது. அதுவும் இல்லையென்றால் ஒரு தூண்டில் முள்ளாவது. முள் இருந்தால் இழுக்கிற எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம். கிழவனைக் கரைக்கு இழுத்துப் போட்டு, சட்டையைப் பிடித்து, ஏன் செய்தீர்கள் என்று கேட்கிற எண்ணமாவது இருக்கிறது என்று அர்த்தம். சின்னச் சின்னத் துண்டாகப் பிட்டுப் பார்த்தேன். முள் இல்லை. வெறும் தீனி.

அன்று உன் அம்மா கேட்டாள், ஒரு வாய் தின்னு பாருங்க என்று. அவள் சோறு வைத்த அதே இடத்தில் உட்கார்ந்து, இலை போட்டு, அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு தின்றேன். பல் இல்லை, தண்ணீரில் ஊற வைத்துத் தின்றேன். ஒரு துகள் மிச்சம் வைக்கவில்லை. நன்றாக இருந்தது. அவள் கையால் செய்த மாதிரியே இருந்தது.

வண்டிக்காரன் வாசலில் நிற்கிறான். "என்ன அண்ணாச்சி, பொறப்படலையா?" என்று கேட்கிறான். இந்தக் கடிதத்தை மட்டும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு நான் வரவில்லை, மகனே. வயிறு நிறைந்திருக்கிறது.

உன் தகப்பன்